கைத்தறியும் முதுமையும்: மருதமுனை நெசவாளர் வரலாற்றில் ஓர் ஏடு

ஆலையொன்று மூடப்படுமாயின் அதற்கு ஒரு நாள் உண்டு. வாயிற் கதவில் ஒட்டப்பட்ட அறிவித்தலும், வெளியேற்றப்பட்டோரின் பெயர்ப் பட்டியலும் இருக்கும். பெரும்பாலும் அதனைத் தொடர்ந்து ஒரு வழக்கோ வேலைநிறுத்தமோ எழும். ஆதலின் வரலாறு எழுதுவோனுக்கு அங்கே வேலை எளிது. கொழும்பு வெள்ளவத்தை நெசவாலையில் 1933ஆம் ஆண்டு நடைபெற்ற வேலைநிறுத்தத்தைப் பற்றி நம் நாட்டுத் தொழிலாளர் இயக்க வரலாறுகள் யாவும் பேசுகின்றன, கொல்வின் ஆர். டி சில்வா என்னும் இளம் வழக்கறிஞர் முதன்முதல் தொழிலாளர் நடுவே பெயர் பெற்றது அங்கேதான் என்பதும் பலரறிந்த செய்தி. ஆனால் அதே நெசவுத் தொழிலில், வீட்டுத் திண்ணையை அடுத்த கொட்டிலிலே, தன் சொந்தக் குழித்தறியில் முப்பது ஆண்டுகள் அமர்ந்திருந்த ஒருவன் ஐம்பதாவது வயதில் தொழிலற்றுப் போனால் அதனை எந்த ஏட்டில் தேடுவது? அவனை வெளியேற்றியவர் எவருமிலர். வெளியேற்றப்பட்ட நாளும் இல்லை. அத்தகையோரைப் பற்றியதே இக்கட்டுரை.

கல்முனையிலிருந்து மட்டக்களப்பை நோக்கிச் செல்லும் பெருந்தெருவிலே, பாண்டிருப்பைக் கடந்ததும் வருவது மருதமுனை. கடலுக்கும் தெருவுக்கும் இடையே நெருக்கமாக வீடுகள் அமைந்த ஊர். நான் ஆசிரியப் பணி புரியும் அட்டாளைச்சேனையிலிருந்து வடக்கே நெடுந்தூரமன்று. ஆயினும் இரண்டு ஊர்களின் வாழ்வும் வேறுவேறு. அட்டாளைச்சேனையில் வாழ்வு வயலோடு செல்வது. மருதமுனையின் பெயரைச் சொன்னால் கிழக்கு மாகாணத்தார் நினைவுக்கு முதலில் வருவது சாறனும் சேலையுமாகும். தறியின் ஓசை கேளாத ஒழுங்கை அங்கு ஒரு காலத்தில் இருந்ததில்லை என்பர் முதியோர்.

நெசவு தமிழர்க்குப் புதியதன்று. சிலப்பதிகாரம் நெய்வோரைக் காருகர் என்னும் பெயரால் நகரமைப்பிலே இடங்கொடுத்துச் சொல்லும். சங்கச் செய்யுள்களில் நூல் நூற்கும் பெண்டிர் வருகின்றனர். அவர்களை ஆண் துணையற்ற பெண்டிரெனச் சில இடங்களிற் குறித்திருப்பது கவனித்தற்குரியது. வேறு ஆதரவில்லாதோர்க்குக் கைகொடுத்த தொழிலாக நூல் வேலை அன்றே இருந்தது போலும். இப்பழமையை இவ்வளவில் நிறுத்திக்கொள்வோம். நம் கட்டுரைக்கு வேண்டியது தறியில் அமர்பவனின் உடல்.

குழித்தறியில் நெய்வோன் நிலத்திலே தோண்டிய குழிக்குள் கால்களைத் தொங்கவிட்டு, மிதிபலகைகளை மாறி மாறி மிதிக்கின்றான். ஒரு கை நாடாவை ஓடவிடும். மறு கை அச்சுப் பலகையை இழுத்து ஊடையை நெருக்கும். கண் பாவின் மீதே நிற்க வேண்டும். ஓர் இழை அறுந்தால் அதனை அக்கணமே கண்டு முடிந்தாலன்றித் துணியில் வடு விழும். நாற்பதைக் கடந்தவனுக்குக் கிட்டப்பார்வை தளர்வது இயற்கை. பகலொளியில் தெரியும் இழை மாலையில் தெரிவதில்லை. முழங்காலும் இடுப்பும் அதன்பின் தம் கணக்கைக் கேட்கத் தொடங்கும். மாதச் சம்பளக்காரனுக்கு இத்தளர்ச்சி உடனே பணத்தைக் குறைப்பதில்லை. ஆண்டு ஏற ஏற அவன் ஊதியமும் ஏறுகின்றது. நெசவாளனுக்கோ கூலி துண்டுக் கணக்கு. இருபத்தைந்து வயதில் ஒரு நாளில் முடித்த வேலையை ஐம்பதில் ஒன்றரை நாளில் முடிப்பானாயின், அவனுடைய கைத்திறன் கூடியிருப்பினும் வருவாய் குறைந்தே தீரும்.

இன்னுமொன்று. தறியில் ஒருவன் இருப்பதாகத் தோன்றினாலும் அவன் தனியன் அல்லன். நூலுக்குச் சாயமிட்டு உலர்த்துவதும், கஞ்சி போடுவதும், ராட்டினத்தில் நூல் சுற்றித் தார் நிரப்பிக் கொடுப்பதும், பாவு ஓடுவதும் மனைவி மக்களின் வேலை. அதற்குக் கூலி எவரும் எழுதியதில்லை. பிள்ளைகள் வளர்ந்து பள்ளிக்கும் பிற தொழில்களுக்கும் போகுங்கால் அந்த இலவசக் கைகள் போய்விடுகின்றன. அதாவது, நெசவாளன் முதுமையை அடையும் அதே காலத்திலே அவனுடைய உதவியாட்களும் கலைந்துவிடுகின்றனர். பிள்ளைகள் படிப்பது நன்றே. அதற்கு எதிராக நான் சொல்லவில்லை, சொல்வேனாயின் என் தொழிலுக்கே முரணாகும். ஆயினும் அந்த நன்மையின் விலையில் ஒரு பங்கைத் தகப்பன் தன் தறியிலே கொடுத்தான் என்பதை மறுத்தல் இயலாது.

இனி, வரலாற்றுக்கு வருவோம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஏற்பட்ட துணித் தட்டுப்பாடு இலங்கையில் கைத்தறிக்கு ஒரு தூண்டுதலாயிற்று. சுதந்திரத்தின் பின் வந்த அரசாங்கங்கள் குடிசைக் கைத்தொழில் என்னும் தலைப்பில் அதனை ஆதரித்தன. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றியதும் இறக்குமதித் துணிகள் குறைந்தன. 1970 தொடக்கம் 1977 வரை ஆட்சி புரிந்த கூட்டு முன்னணி அரசாங்கத்தின் காலமோ கைத்தறிக்கு உச்சக்காலம். வெளிநாட்டுத் துணி வருவது ஏறக்குறைய நின்றது. நூலை அரசு தருவித்துக் கூட்டுறவுச் சங்கங்களின் மூலம் பங்கிட்டுக் கொடுத்தது. மக்கள் எதை நெய்தாலும் வாங்கினர். வாங்குவதற்கு வேறொன்றும் இருக்கவில்லை. அக்காலத்தை இப்பகுதி நெசவாளர் பொற்காலமெனப் போற்றுவதும், நகரத்து மக்கள் வரிசைகளின் காலமெனத் தூற்றுவதும் ஒருங்கே உண்மை. பங்கீட்டு நூலைப் பெற்று நெய்யாமலே வெளியில் விற்றவர்களும் இருந்தனர் என்று முதியோர் சிரித்துக்கொண்டே சொல்வர். பாதுகாக்கப்பட்ட தொழிலில் இத்தகைய சோம்பலும் கள்ளமும் புகுவது உலக வழக்கே.

1977 ஜூலை மாதத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி பெரு வெற்றி பெற்றது. அவ்வாண்டு நவம்பர் 15ஆம் திகதி நிதியமைச்சர் ரொனி டி மெல் சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டம் இறக்குமதிக் கட்டுப்பாடுகளுள் மிகப் பலவற்றை நீக்கிற்று. இருவகையாக இருந்த நாணயமாற்று ஒன்றாக்கப்பட்டு, டொலருக்கு 16 ரூபாவென நிர்ணயிக்கப்பட்டது. கொள்வோர்க்கு இது விடுதலை. கல்முனைக் கடைத்தெருவிலும் விரைவிலேயே வெளிநாட்டுச் செயற்கையிழைத் துணிகள் குவிந்தன. மடிப்புக் கலையாதது, சாயம் போகாதது, துவைத்தவுடன் உலர்வது, விலையும் மலிவு. எவரை நோக வேண்டும்? நெசவாளியின் வீட்டார் தாமே அத்துணியை வாங்கினர்.

தறிக்காரனுக்கோ ஒரே வேளையில் மூன்று அடிகள் விழுந்தன. துணிக்குப் போட்டி வந்தது. நூலும் சாயமும் இறக்குமதிப் பொருளாதலின், நாணய மதிப்பிறக்கத்தால் அவற்றின் விலை ஏறிற்று. அரசின் பங்கீட்டு முறை தளர்ந்ததும் சிறு நெசவாளன் வணிகரிடம் கடனுக்கு நூல் பெறும் நிலைக்கு வந்தான். இவற்றோடு சோற்றுக் கணக்கும் மாறியது. 1978 ஜனவரி முதல் பங்கீட்டு அரிசி மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைந்த குடும்பங்களுக்கு மட்டுமென வரையறுக்கப்பட்டது. 1979 செப்டெம்பரில் அதுவும் நின்று உணவு முத்திரை வந்தது. முத்திரையில் எழுதிய தொகை அப்படியே நிற்க அரிசியின் விலை ஏறிச் சென்றது. நாடெங்கும் பல்லாயிரக்கணக்கான தறிகள் அவ்வாண்டுகளில் ஓய்ந்தன.

இங்கேதான் வயது என்னும் வேறுபாடு புகுந்து வேலை செய்தது. 1978ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தால் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் எழுந்தது. ஆடைத் தொழிற்சாலைகள் பெருகின. அவை வேண்டியதும் துணி வேலை தெரிந்த கைகளையே. ஆனால் மணமாகாத இளம் பெண்களின் கைகளை. நாற்பத்தைந்து வயது நெசவுக்காரிக்கு அவ்வாயில் திறக்கவில்லை. திறந்திருப்பினும் கிழக்குக் கரையிலிருந்து அவள் அங்கு போயிருக்க மாட்டாள். மறுபுறம், 1973இன் எண்ணெய் விலையேற்றத்துக்குப் பின் வளைகுடா நாடுகள் ஆள் தேடின. கல்முனை தொடக்கம் அக்கரைப்பற்று வரையுள்ள ஊர்களிலிருந்து இளைஞர் சாரிசாரியாகப் போயினர். தகப்பன் கற்பித்த நாடா வீச்சை மறந்து மகன் பாலைவனத்தில் கட்டட வேலை செய்தான். அவன் அனுப்பிய பணத்தில் கல்வீடு எழும்பிற்று. தகப்பனின் நிலை மகனின் தபாலைப் பொறுத்ததாயிற்று. இதனை வறுமையென்று சொல்ல முடியாத வீடுகளும் உண்டு. ஆனால் முப்பதாண்டு உழைத்த ஒருவன் வெற்றிலைக்குக் காசு கேட்டு மருமகளின் முகத்தைப் பார்க்கும் நிலையை எந்தப் புள்ளிவிவரத்தில் அடைப்பது?

ஆழிப்பேரலைக்கு முந்திய ஆண்டு, அப்போது நான் வெளிவாரிப் பட்டப் படிப்புக்குப் பதிவு செய்திருந்த இளைஞன், மருதமுனையில் நண்பனொருவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவனுடைய மூத்தவாப்பா எழுபதைக் கடந்தவர். கொட்டிலில் தறியிருந்த இடத்தைக் காட்டினார். குழி மணலிட்டு மூடப்பட்டு மேலே சீமெந்து பூசப்பட்டிருந்தது; அதன்மேல் நெல்மூட்டைகள். “எப்ப காக்கா வேல போனது?” என்று அறியாத்தனமாகக் கேட்டுவிட்டேன். அவர் சற்று யோசித்து, “வேல போகல்ல தம்பி. நூல்தான் வராமப் போயித்து” என்றார். அன்று அது ஒரு முதியவரின் பேச்சாகவே பட்டது. பின்னர்ச் சட்டங்களைப் படித்தபோதுதான் அதன் முழுப் பொருளும் விளங்கிற்று.

நம் நாட்டுத் தொழிற் சட்டங்கள் இத்துறையில் வறியன அல்ல. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம், ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் தம் சேமிப்பைப் பெற வழி செய்தது. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க வேலை முடிவுறுத்தற் சட்டம், தொழிலாளியின் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இன்றி அவனை நீக்கலாகாது என்றது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் பணிக்கொடையைக் கட்டாயமாக்கிற்று. ஆனால் மூன்றும் முதலில் கேட்பது ஒரே கேள்வி: உன் முதலாளி யார்? பின்னிரண்டும் இன்னுமொன்று கேட்கும்: உன் தொழிலிடத்தில் குறைந்தது பதினைந்து பேர் இருந்தனரா? மருதமுனைக் கொட்டிலில் இருந்தது ஒரு தறி, அல்லது இரண்டு. முதலாளியும் தொழிலாளியும் ஒருவனே. நூல் கொடுத்தது சங்கம். துணியை வாங்கியது வியாபாரி. நீக்கியவன் யாரென்று காட்ட இயலாதவனுக்குச் சட்டத்தில் இடமில்லை. வேலையில்லாதோர் கணக்கெடுப்பும் அவனைக் கண்டுகொள்வதில்லை. வேலை தேடுகிறாயா என்று கேட்டால் அவன் இல்லை என்பான். ஐம்பத்தைந்து வயது நெசவாளன் எங்கே போய்த் தேடுவான்?

இக்கதி நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. இங்கிலாந்திலே ஜோன் கே 1733இல் பறக்கும் நாடாவைக் கண்டபின் கைத்தறி செழித்தது. காட்ரைட் 1785இல் உருவாக்கிய விசைத்தறி மெல்ல மெல்லத் திருந்தி அதனைக் கொன்றது. 1820களில் ஏறத்தாழ 2,40,000 பேர் பருத்திக் கைத்தறியில் இருந்தனரென்பது வரலாற்றாசிரியரின் மதிப்பீடு. நூற்றாண்டின் நடுப்பகுதி கடந்தபோது எஞ்சியோர் மிகச் சிலர். இளைஞர் ஆலைக்குப் போயினர், முதியோர் தறியிலே தங்கினர். அவர்கள் பாராளுமன்றத்துக்கு விண்ணப்பம் மேல் விண்ணப்பம் அனுப்பினர். 1834இலும் 1835இலும் தெரிவுக்குழு விசாரித்தது. ஜோன் ஃபீல்டன் முதலியோர் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்க வேண்டுமென வாதாடினர்; சபை மறுத்தது. பின்னர் 1837இல் ஓர் அரச ஆணைக்குழு அமர்ந்தது. நாசோ சீனியர் என்னும் பொருளியலறிஞரின் கை மேலோங்கிய அதன் 1841ஆம் ஆண்டு அறிக்கை, அரசு தலையிடலாகாது, நெசவாளர் வேறு தொழிலுக்கு மாற வேண்டும், தம் மக்களை இத்தொழிலிற் புகுத்தலாகாது என்னும் போக்கிலே முடிந்தது. மக்களைப் பற்றிய அறிவுரை சரியே. அறுபது வயதானவர்க்கு அவ்வறிக்கை காட்டிய வழி யாது? 1834ஆம் ஆண்டின் வறியோர் சட்டம் திறந்து வைத்திருந்த உழைப்பு விடுதி ஒன்றுதான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இரக்கமில்லாத அந்த அரசாங்கம் நெசவாளரை அழைத்துச் சாட்சியம் கேட்டு அச்சிலேற்றியது. அதனாலேயே அவர்களுடைய துயரம் இன்று நூலகங்களில் கிடைக்கின்றது.

இந்திய நெசவாளர் எலும்புகள் சமவெளியில் வெளுத்துக் கிடக்கின்றன என்னும் கருத்துப்பட மகாதேசாதிபதி ஒருவர் எழுதியதாகக் கார்ல் மார்க்ஸ் தம் நூலிற் காட்டும் கூற்றை நம் மேடைப் பேச்சாளர் அடிக்கடி எடுத்தாள்வர். பெண்டிங் பிரபுவின் பத்திரங்களில் அது காணப்படவில்லை என்று பிற்கால ஆராய்ச்சியாளர் காட்டியிருக்கின்றனர். மாணவர் இதனைக் கவனித்தல் நன்று.

தமிழகத்தின் நிலை வேறு. 1952, 1953 ஆண்டுகளில் சென்னை மாகாணத்துக் கைத்தறித் துணிகள் விற்பனையாகாமல் தேங்கிப் பட்டினி பரவியபோது, முதலமைச்சர் இராசகோபாலாச்சாரியார் வேட்டியையும் சேலையையும் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டுமென மத்திய அரசை வற்புறுத்தினார். எதிர்க்களத்தில் நின்ற அண்ணாதுரையோ திருச்சிராப்பள்ளித் தெருக்களிலே கைத்தறித் துணியைத் தோளிற் சுமந்து விற்றார். எதிலும் ஒன்றுபடாத இருவர் இதிலே ஒன்றுபட்டனர். 1953இல் ஆலைத் துணிமீது மேலதிக வரி விதித்துக் கைத்தறிக்கு உதவும் சட்டமும், 1985இல் சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கும் சட்டமும் டில்லியில் நிறைவேறின. அவற்றால் அங்குள்ள நெசவாளர் செல்வராகிவிடவில்லை. ஒதுக்கீட்டை விசைத்தறியாளர் மீறுவதும் தொடர்கதை. எனினும் நெசவாளரின் துயரம் அங்கே அரசியற் பிரச்சினையாயிற்று. இலங்கையில் 1977இன் பின் மருதமுனைக்காக அவ்வாறு துணி சுமந்த பெருந்தலைவர் எவரையும் நான் அறியேன். அடுத்து வந்த போர் ஆண்டுகளிலே கொழும்புச் சந்தைக்குப் போகும் வழியே நிச்சயமற்றதாகிவிட, உயிரைப் பற்றிய கவலை தொழிலைப் பற்றிய கவலையை மறைத்தது.

அட்டாளைச்சேனையில் முதிய விவசாயியைப் பார்க்கின்றேன். ஏர் பிடிக்க இயலாவிடினும் வட்டை விதானையாக இருந்து நீர் பங்கிட்டவருண்டு; போடியார் வரம்பிலே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாலே வேலை நடக்கும்; களவெட்டியில் முதியவருக்கென ஓர் இருக்கை இருந்தது. அறுவடை இயந்திரம் வந்தபின் அதுவும் சுருங்கிற்று என்றாலும், காணி இருக்கின்றது, குத்தகைக்கேனும் கொடுக்கலாம். ஓய்ந்த தறியைக் குத்தகைக்கு எடுப்பார் யார்? அதன் பலகை அடுப்புக்குத்தான் உதவும். தொழிலிழந்த நெசவாளருட் சிலர் அறுவடைக் காலத்தில் தென்புறத்து வயல்களுக்குக் கூலிக்கு வந்தனர். நிழலிலே முப்பதாண்டு இருந்த உடல் வெயிலுக்குப் பழகுவது எளிதன்று.

அரசாங்கம் காலப்போக்கில் சுயதொழில் செய்வோரை நினைவுகூர்ந்தது. 1987இல் விவசாயிகளுக்கும், 1990இல் மீனவர்க்கும் ஓய்வூதியச் சட்டங்கள் வந்தன. ஏனைய சுயதொழிலாளர்க்கென 1996ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் சமூகப் பாதுகாப்புச் சபை அமைந்தது. தவணைப் பணம் செலுத்தி அதிற் சேரலாம். ஆனால் அறுபது வயது நிரம்புமுன் சேர வேண்டும். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1977இல் ஐம்பது வயதாயிருந்தவனுக்கு 1996இல் வயது அறுபத்தொன்பது. நாற்பத்தொன்றாயிருந்தவனுக்கு அறுபது. ஆகவே சந்தை திறந்தபோது நாற்பதைத் தாண்டியிருந்த நெசவாளர் அனைவரும், அதாவது வேறு தொழிலுக்கு மாற முடியாதிருந்தோர் பெரும்பாலார், அச்சட்டத்தின் வாயிலிலே நின்றுவிட்டனர். அவர்களுக்குப் பிற்பட்டோர் சேர்ந்திருக்கலாம். நாளாந்தக் கூலியில் தவணைக்கு எஞ்சியதா என்பது வேறு கேள்வி. 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தனியார் துறையில் ஆகக் குறைந்த ஓய்வு வயதை அறுபதாக்கியபோது பத்திரிகைகள் அதனை வரவேற்று எழுதின. அதுவும் முதலாளி உள்ளவர்க்கே.

2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் எழுந்தது. இலங்கையில் மிக அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். மருதமுனையின் கரையோர வீடுகள் தறிகளோடும் நூலோடும் போயின. அடுத்த கிழமைகளில் நிவாரணப் படிவங்கள் நிரப்புவதற்குப் படித்த இளைஞர் தேவைப்பட்டனர். நானும் ஒரு பாடசாலை முகாமில் மேசையொன்றில் அமர்ந்தேன். பெயர், வயது, இழந்த பொருள், தொழில் என்று வரிசையாகக் கேட்க வேண்டும். நண்பனின் மூத்தவாப்பாவும் பேரனின் தோளைப் பிடித்தபடி வந்திருந்தார். தொழில் என்னும் கட்டத்தில் நான் ‘இல்லை’ என்று எழுதத் தொடங்கினேன். அவர் எழுதுகோலின்மேல் விரலை வைத்து, “நெசவு எண்டு எழுது தம்பி” என்றார். எழுதினேன். இழந்த உபகரணம் என்னும் அடுத்த கட்டத்தில் என்ன எழுதுவதென்று கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் வரிசை நீண்டிருந்தது. அதை வெறுமையாக விட்டு அடுத்தவரை அழைத்தேன்.